நாற்பத்தைந்து நாள் விளையாட்டு

சத்யா பிறந்தபோது அடைக்கலம் மஸ்கட்டில் ஒரு கட்டடத்தின் எட்டாவது மாடியில் சாரம் கட்டிக்கொண்டிருந்தான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பத்தைந்து நாள் லீவு கிடைக்கும். மகளை ஒரு வயதில் பார்த்தான், மூன்று வயதில் பார்த்தான். மூன்று வயதில் அவன் தூக்கப் போனபோது உடம்பை வளைத்துக்கொண்டு கத்தினாள். முகம் பழகவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு விமானம் ஏறிவிட்டான்.

அடுத்த முறை வந்தபோது அவளுக்கு ஐந்து வயது. வல்லத்திராக்கோட்டையைத் தாண்டி இருக்கும் வீட்டில் பெட்டியை இறக்கியதும் முதலில் எடுத்தது ஒரு பொம்மை. முதுகில் பொத்தானை அமுக்கினால் கண்ணில் சிவப்பு விளக்கு எரியும், பாட்டுப் பாடும். அமுக்கினான். சத்யா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்துவிட்டாள். சாயங்காலம் வரை வெளியே வரவில்லை.

"மிக்சி போட்டாலும் இப்படித்தாங்க" என்றாள் மனைவி பரிமளா. "நான் இன்னும் அம்மியிலதான் அரைக்கிறேன். தலை சீவ முடியல. வெள்ளைச்சோறும் அப்பளமும் தவிர வேற தின்ன மாட்டேங்குறா. போன்ல சொன்னா ஒங்களுக்குப் புரியல."

ஆலங்குடியில் ஓர் அறக்கட்டளை, சிறப்புக் குழந்தைகளுக்கு மையம் ஒன்று நடத்துவதாகக் கேள்விப்பட்டு அங்கே கூட்டிப்போனான். பஸ் சத்தம் ஆகாது என்று நண்பனின் பைக்கை இரவல் வாங்கினான். அங்கே இருந்த ஆரோக்கியம்மாள் டீச்சர் சத்யாவைத் தொடவே இல்லை. ஒரு மணி நேரம் எதிரே தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அது அடம் இல்ல தம்பி. நமக்கு குக்கர் விசில் சத்தம் காதோட போயிரும். இந்தப் புள்ளைக்கு ஒடம்பு முழுக்க வலிக்குது. லேசாத் தொட்டா கூசும். நல்லா அழுத்திப் பிடிச்சா அடங்கும்."

"சரியாப் போயிருமா டீச்சர்?"

"பழக்கலாம். தெனமும் பழக்கணும். ஒரு நாள் விட்டாலும் பின்னால போயிரும்."

பழக்குவதற்கான சாமான் எதையும் விலை கொடுத்து வாங்க வேண்டாம் என்று டீச்சர் சொன்னதால் எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்தான். பழைய ஜீன்ஸ் பேண்ட்டின் காலை வெட்டி, புளியங்கொட்டையை நிரப்பித் தைத்து, மடியில் வைக்கக் கனமான தலையணை ஆக்கினான். பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீரும் எண்ணெயும் பாசிமணியும் போட்டு மூடியை இறுக்கினான். பரிமளாவின் நூல் சேலையை விட்டத்தில் தூளியாகக் கட்டினான். முடிச்சுப் போடுவது அவனுக்குக் கைவந்த வேலை. ஒரு பெரிய தாம்பாளத்தில் கேழ்வரகைக் கொட்டி, தன் கையை அதில் புதைத்துக்கொண்டு தினமும் காலையில் சும்மா உட்கார்ந்திருந்தான்.

எட்டு நாள் அவள் தூரத்திலேயே நின்றாள். ஒன்பதாம் நாள் ஒரு விரலை வைத்துவிட்டு உடனே எடுத்துப் பாவாடையில் துடைத்தாள். இருபது நாளில் உள்ளங்கை தாங்கியது. தூளிக்குள் சேலையை இழுத்து மூடிக்கொண்டு மணிக்கணக்கில் கிடந்தாள். அந்த நேரத்தில் அவள் தொண்டையிலிருந்து ஒரு ராகம் வரும். அடைக்கலம் மூச்சுக்கூடச் சத்தமாக விடமாட்டான்.

முப்பத்து நாலாவது நாள் பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. சத்யா கட்டிலுக்கு ஓடவில்லை. புளியங்கொட்டைத் தலையணையை இழுத்துக்கொண்டு நேராக அவனிடம் வந்து, அவன் கையை எடுத்துத் தன் தோளில் வைத்து அழுத்தினாள். அவனும் அழுத்திப் பிடித்தான். அடுப்படி வாசலில் அகப்பையோடு நின்ற பரிமளா முன்னால் வரவில்லை.

பதினோரு நாள் கழித்து அவன் திருச்சிக்குப் போய் விமானம் ஏறினான்.

பரிமளா மூன்று மாதம் விடாமல் செய்தாள். வாரம் இருமுறை ஆலங்குடிக்கு மகளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனாள். பிள்ளையின் அலறலில் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள்; ஒரு கண்டக்டர் அடுத்த வண்டியில் வரச் சொல்லிப் பாதியிலேயே இறக்கிவிட்டார். அப்புறம் வாரம் ஒருமுறை ஆனது. அப்புறம் மையத்தையே மூடிவிட்டார்கள். அறக்கட்டளைக்கு வரவேண்டிய உதவி நின்றுபோயிற்று. ஆரோக்கியம்மாள் டீச்சர் தஞ்சாவூருக்கு மகன் வீட்டோடு போய்விட்டார். ஐப்பசி மழையில் ஓடு ஒழுகி, புளியங்கொட்டையெல்லாம் நனைந்து பூசணம் பிடித்து நாறியது. பரிமளா அதைக் குப்பையில் போட்டாள். புதிதாக ஒன்று தைக்க வேண்டும் என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி.

அடைக்கலம் மறுபடி வந்தபோது மகளுக்கு ஏழு வயது. தலை மொட்டை. நெற்றியில் புடைப்பு, சுவரில் முட்டி முட்டி வந்தது. இரண்டு மணிக்கட்டிலும் கறுப்பாக வளையம்போல் தடம்.

"இது என்ன?"

பரிமளா அடுப்படிப் பக்கம் திரும்பினாள். அவன் திரும்பக் கேட்டான்.

"துண்டால கட்டிப் போடுவேன்" என்றாள். "சோறாக்குற வரைக்கும். குளிச்சுட்டு வர்ற வரைக்கும். கட்டலேன்னா மண்டையை ஒடச்சுக்குவா."

"நீயெல்லாம் ஒரு தாயா?"

அவள் கத்தவில்லை. "நாப்பத்தஞ்சு நாளு நீங்க பாத்தீங்க. மிச்ச நாளெல்லாம் யாரு பாத்தா?"

அவன் எழுந்து வாசலுக்குப் போனான். மறுநாளே புதுத் தலையணை தைத்தான். தூளி கட்டினான். சத்யா அதில் ஏறவில்லை. அவள் கனம் கூடிவிட்டதோ, மறந்துபோனதோ தெரியவில்லை. தாம்பாளத்தில் கேழ்வரகைக் கொட்டிக் கையைப் புதைத்து உட்கார்ந்தான். பத்து நாள், பதினைந்து நாள். இருபதாம் நாள் அவள் கிட்டே வந்தாள். காலால் தாம்பாளத்தை எத்திவிட்டு, அது உருண்ட சத்தத்துக்கே பயந்து சுவரைத் தேடி ஓடினாள். நெற்றி சுவரில் மோதும் முன் அவன் குறுக்கே போய்க் கையைக் கொடுத்தான். அந்தக் கையைக் கடித்தாள்.

ஊரிலேயே இருந்துவிடலாம் என்று புதுக்கோட்டையில் வேலை தேடினான். சாரம் கட்ட வாரத்துக்கு இரண்டு நாள் கூப்பிட்டார்கள். சில வாரம் அதுவும் இல்லை. திருச்சிக்குக் கூட்டிப்போய்க் காட்டினான்; டாக்டர் எழுதிய மாத்திரையில் அவள் பாதி நாள் தூங்கினாள். தூங்கும்போது மட்டும் பக்கத்தில் உட்கார முடிந்தது.

லீவு முடிந்து மஸ்கட்டுக்குக் கிளம்பும் நாளில் அவள் விழித்திருந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். "வாரேன் ஆத்தா" என்று மெல்லத்தான் சொன்னான். அதற்கே அவள் தோள் சுருங்கியது. தொடாமல் வெளியே வந்தான்.

இப்போது வெள்ளிக்கிழமை தோறும் அங்கிருந்து போனில் பேசுகிறான். சாப்பிட்டாளா என்று கேட்பான். சாப்பிட்டாள் என்பாள் பரிமளா. கையைக் கட்டினாயா என்று அவன் கேட்பதில்லை. பேசும்போதே பின்னால் சுவரில் முட்டும் சத்தம் கேட்கத் தொடங்கும். பரிமளா "வைக்கிறேங்க" என்பாள்.