ஓ.டி.யை நம்பி வாங்கிய டயர்

பத்துப் பன்னிரண்டு வருடம் காருக்குச் சக்கரம் மாட்டிப் பிழைத்தவன் நான். ஆனால் ஒரு டயரைக்கூட நானாகத் தேர்ந்தெடுத்ததில்லை. ஒரகடம் பக்கத்துக் கார் கம்பெனியில் எந்த வண்டிக்கு எந்தச் சக்கரம் என்பது ஸ்டோரிலேயே முடிவாகி, வரிசையாக உருண்டு வரும். எடுத்து வைத்து நட்டை முறுக்கிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்க வேண்டியதுதான். அந்தக் கம்பெனியை மூடினார்கள். கையில் கொடுத்த செட்டில்மென்டில் பாதியைப் போட்டு, குறைந்ததற்குக் கடனும் வாங்கி, அதே கம்பெனியில் செய்த கார் ஒன்றை, மஞ்சள் போர்டு வண்டி, பழசாக வாங்கினேன். என் கை பட்ட வண்டியாகக்கூட இருக்கலாம் என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். கை பட்டது கிடக்கட்டும், கைக்கு ஏதாவது வருமா என்று கேட்டாள்.

வந்தது. காலையில் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கும் நான்கு இன்ஜினியர்களை ஏற்றி, ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனி வாசலில் விட வேண்டும். சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அந்த டிரிப்தான் தண்டலம் பக்கத்துக் காலேஜில் என் மகள் படித்த நர்சிங் படிப்பு. கடைசி வருடம் ஒன்றுதான் பாக்கி. டிரிப் நின்றால் படிப்பு நிற்கும் என்பது வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை, சொன்னால் பலித்துவிடுமோ என்ற பயம்.

ஒருநாள் கேட்டில் செக்யூரிட்டி வண்டியை ஓரங்கட்டச் சொன்னான். குனிந்து நான்கு டயரையும் தடவிப் பார்த்துவிட்டு, பட்டன் எல்லாம் தேய்ந்து மொட்டையாகிவிட்டது, மாத முடிவுக்குள் மாற்றாவிட்டால் வண்டியை உள்ளே விடமாட்டோம் என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. பின்பக்கம் ஒரு டயரில் கம்பியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குத்தான் கோபம் வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. என் கோபம் எப்போதும் அப்படித்தான், முகவரி இல்லாமல் கிளம்பிவிடும்.

வீட்டில் சண்டை ஆரம்பமானது. மட்டமான டயர் போதும் என்றாள் மனைவி. ஊரில் முக்கால்வாசி வண்டி அதில்தான் ஓடுகிறது, யார் செத்தார்கள் என்றாள். நான் விடவில்லை. மலிவு டயரின் ரப்பர் கட்டை மாதிரி இருக்கும், மழையில் பிரேக் பிடித்தால் வழுக்கும், கன்டெய்னர் லாரிகள் தோண்டிப் போட்ட பள்ளத்தில் ஒரு தடவை அடித்தால் பக்கவாட்டில் வீங்கிவிடும், நல்ல டயர் போட்டால் நாலைந்து வருடம் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று லெக்சர் கொடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“டயரு அஞ்சு வருஷம் வரும், சரி. ட்ரிப்பு எத்தினி நாளு வரும்? அத்த இன்னான்னு சொல்லு.”

தட்டை நகர்த்திவிட்டு எழுந்தேன்.

எங்கள் ரோட்டில் எதை வாங்கினாலும் இந்தக் கேள்வி கூடவே வரும். வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. பெர்மனென்ட் ஆனவன் மர பீரோ வாங்குவான், கான்ட்ராக்ட்காரன் துணியில் ஜிப் வைத்த பீரோ வாங்குவான். பெர்மனென்ட்டுக்குப் புது ஃபிரிட்ஜ், கான்ட்ராக்ட்டுக்கு ஊருக்குத் திரும்புகிறவன் விட்டுப்போன ஃபிரிட்ஜ். கடைக்காரன் முதலில் முகத்தைப் பார்க்கமாட்டான், கழுத்தில் தொங்கும் கார்டின் கயிறு என்ன நிறம் என்று பார்ப்பான். அதை வைத்தே எந்த அலமாரியிலிருந்து எடுப்பது என்று முடிவு செய்துவிடுவான். என் கழுத்தில் இப்போது எந்தக் கயிறும் இல்லை.

ஸ்ரீபெரும்புதூரில் நான் போன டயர் கடைக்காரர் ராமநாதபுரம் பக்கத்து மனிதர். இரண்டு டயரைத் தரையில் படுக்க வைத்தார். ஒன்று, நாங்கள் லைனில் மாட்டிய அதே கம்பெனி. இன்னொன்றின் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. குனிந்து முதல் டயரைத் தொட்டேன். புது ரப்பரின் அந்த வாசனை மூக்கில் ஏறியதும், வெட்கமில்லாமல் சொல்கிறேன், குனிந்தபடியே இன்னொரு தடவை மோந்து பார்த்தேன். ஒரு காலத்தில் இந்த வாசனை சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும், குளித்துவிட்டு வந்து உட்காரு என்று மனைவி விரட்டுவாள்.

“வண்டிய எத்தன வருசம் வச்சிருப்பீக அண்ணே?” என்று கேட்டார் கடைக்காரர். “அதச் சொன்னா எதப் போடுறதுன்னு நான் சொல்லிருவேன்.”

வீட்டில் கேட்ட அதே கேள்வி. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

கம்பெனி நிலைக்குமா, போகுமா என்று மேலே இருப்பவர்கள் யாரும் சொல்லமாட்டார்கள். கேட்டால், பயப்படாதே என்பார்கள், அதைக் கேட்டதும்தான் பயம் வரும். அதனால் நாங்கள் பஞ்சாங்கம் பார்ப்பதுபோல் ஓ.டி.யை, அதாவது ஓவர்டைமை, பார்ப்போம். ஓ.டி. இருந்தால் ஆர்டர் இருக்கிறது. ஆர்டர் இருந்தால் கம்பெனி இருக்கிறது. ஓ.டி. குறைந்தால் சீட்டுக்காரன் சீட்டுச் சேர்ப்பதை நிறுத்துவான், வீட்டு ஓனர் அட்வான்ஸைப் பற்றிப் பேச ஆரம்பிப்பான், பையனுக்குப் பெண் பார்ப்பவர்கள்கூட யோசிப்பார்கள். அந்த வாரம் முழுக்க வண்டியை ஓட்டிக்கொண்டே பின்சீட்டுப் பேச்சில் காதை வைத்தேன். ஞாயிற்றுக்கிழமையும் லைன் ஓடுகிறதாம். லீவு கேட்டால் தருவதில்லையாம். சரக்கு வைக்க இடம் போதாமல் ஷெட் வாடகைக்குப் பிடித்திருக்கிறார்களாம். இன்ஜினியர்கள் அலுப்போடு சொன்னது ஒவ்வொன்றும் என் காதில் தேனாக விழுந்தது. என்னையும் ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்கள். இதற்குமேல் என்ன சகுனம் வேண்டும்?

மறுநாளே போய் நான்கையும் நல்ல டயராகப் போட்டேன். அலைன்மென்ட் பார்த்து, காற்றுப் பிடித்து, கடைக்காரர் பழைய டயர்களை எடுத்துக்கொண்டார். மனைவியிடம், டிரிப் நிலைக்கும், நான் பார்த்துவிட்டேன் என்றேன். நீ பார்த்தால் சரி என்றாள். அந்தச் “சரி”யில் ஆசை இருந்தது. அவளும் நம்பத்தான் விரும்பினாள்.

கொஞ்ச நாள் நன்றாக இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. கார் சத்தமில்லாமல் போனது. ஒரு மழைநாளில் ஒரகடம் மேம்பாலம் இறங்கியதும் மாடு ஒன்று குறுக்கே வர, பிரேக்கை அழுத்தினேன். வண்டி ஒரு சாண்கூட வழுக்காமல் நின்றது. பின்னால் இருந்தவர்கள் போனிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. எனக்கு மட்டும் விசிலடிக்க வேண்டும்போல் இருந்தது.

அந்த ஓ.டி. எதற்கு என்பது மழைக்காலம் முடிந்ததும் தெரிந்தது. லைனை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோகிறார்கள். மெஷினைப் பிரித்து, அங்கே பூட்டி, ஓடவிடும்வரை சரக்கு வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் செய்து அடுக்கியிருக்கிறார்கள். சொல்லப்போனால் இது எனக்குப் புதிதே அல்ல. என் பழைய கம்பெனியை மூடும் முன்பும் இதே கதைதான், அத்தனை ஓ.டி., கேன்டீனில் பிரியாணி, சூப்பர்வைசர்களுக்குத் திடீரென்று வந்த மரியாதை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். வேறு அடுப்பு இல்லாத பூனை எங்கே போகும் என்று அவர்கள் சொல்லவில்லை.

இன்ஜினியர்களில் இருவர் லைனோடு போனார்கள். இருவர் வேலை தேடப் போனார்கள். டிரிப் நின்றது. வேறு கான்ட்ராக்டர்களிடம் போனேன், எல்லோருக்கும் புது வண்டிதான் வேண்டுமாம். விற்றுவிடலாம் என்று புரோக்கரைக் கூப்பிட்டேன். அவர் இன்ஜினைக் கேட்டார், வருஷத்தைக் கேட்டார், பெயின்ட்டைத் தட்டிப் பார்த்தார். டயர் புதுசு என்று நானாகச் சொன்னேன். டயருக்கெல்லாம் தனியாக யாரும் விலை போடமாட்டார்கள் என்றார். அவர் சொன்ன விலை என் கடனுக்கே காணாது.

மனைவி குத்திக்காட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

மகள்தான் பேசினாள். சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம், தோழி ஒருத்தி ஏற்கெனவே போகிறாளாம்.

“ஒரு வருஷம் போய்ட்டு வரேம்பா. அப்பால படிச்சிக்கலாம்.”

சரிம்மா என்றேன். இந்த ரோட்டில் ‘அப்பால’ என்று சொல்லிப் போனவர்கள் யாரும் திரும்பக் காலேஜுக்குப் போய் நான் பார்த்ததில்லை. அவளுக்கும் அது தெரியும். முகத்தைத் திருப்பிக்கொண்டு துணி மடித்தாள்.

முதல் நாள் காலை, பஸ் நிற்கும் இடம்வரை காரில் விடுகிறேன் என்றேன். இன்னாத்துக்குப்பா பெட்ரோலு, நடந்தே போயிடுறேன் என்று கிளம்பிவிட்டாள். அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு காரைத் திறந்து உட்கார்ந்தேன். நகராமல் நிற்கிற வண்டியின் பாரம் டயரின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்தால் அந்த இடம் தட்டையாகிவிடும், கம்பெனி யார்டில் நிற்கும் வண்டிகளை அதற்காகவே அவ்வப்போது நகர்த்துவார்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்யவில்லை. கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு இறங்கித் தள்ளினேன். மனைவி வெளியே வந்து எங்கே கிளம்பினாய் என்று கேட்டாள். எங்கேயும் இல்லை என்றேன். அவளும் வந்து பின்னால் கை கொடுத்தாள். டயர் அரைச் சுற்று உருண்டதும் போதும் என்று நிறுத்திவிட்டு, இருவரும் உள்ளே போனோம்.