நாத்தனார் வளர்த்த கரப்பான்

என் நாத்தனார் பதற்றத்துக்கு வைத்தியம் பார்க்கப் படித்தவள். மாத்திரை இல்லை, ஊசி இல்லை, பேச்சும் பழக்கமும்தான். கல்லூரி, மேற்படிப்பு எல்லாம் முடித்து ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போன பிறகு, வீட்டில் யாராலும் நிம்மதியாகப் பயப்பட முடியவில்லை. பால் பொங்கி வழிந்து நான் பதறினால், "அண்ணி, பயம் நூத்துக்கு எவ்வளவு?" என்பாள். மாமியார் எப்போதும் நாற்பது என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார். அதற்குக் கீழே சொன்னால் நம்ப மாட்டாள்; மேலே சொன்னால் பிடித்து உட்கார வைத்துவிடுவாள்.

ஒரு நோயாளியைக் குணமாக்கி, அதைப் பேராசிரியர் நேரில் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் பட்டம். அவளுக்கு வாய்த்தவர் ஆஜானுபாகுவான லாரி டிரைவர். வண்டிக்குள் கரப்பானைப் பார்த்துக் குதித்து ஓடியவர். லாரி அவர் இல்லாமலே கொஞ்ச தூரம் போயிருக்கிறது.

வைத்தியம் படிப்படியாக: முதலில் படம், பிறகு ரப்பர் பூச்சி, பிறகு பாட்டிலில் உயிரோடு, கடைசியில் உள்ளங்கையில். எல்லாவற்றையும் வைத்தியம் பார்ப்பவள்தான் முதலில் செய்து காட்ட வேண்டும். இவளோ கரப்பான் என்ற பேச்சுக்கே கட்டில்மேல் ஏறுகிறவள். அதனால் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியிலிருந்து சாதுவான ஒன்றாகப் பார்த்துப் பிடித்துக் கொடுத்தேன். ஒரு பக்க மீசை ஏற்கெனவே ஒடிந்திருந்தது. அதற்குப் பிஸ்கட் தூள் போட்டு, பேச்சுக் கொடுத்து, மெதுவாகப் பழகினாள். வீட்டில் பூச்சி மருந்துக்குத் தடை. "பூச்சிக்கு பிஸ்கட்டு, பெத்தவளுக்கு சர்க்கரை இல்லாத டீ" என்று மாமியார் புலம்பினார்.

டிரைவரும் தேறினார். அது கையில் நடந்தபோது "சமத்து" என்றாராம்.

பேராசிரியர் பார்க்க வரும் நாள் காலையில் அது பாட்டிலில் மல்லாந்து கிடந்தது. சமையலறையில் மருந்து வாசனை. யாரும் கேட்காமலே மாமியார் "நாற்பது" என்றார்.

அவசரமாக வேறொன்றைப் பிடித்துக்கொண்டு நானும் கூடப் போனேன். சிகிச்சை அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பேராசிரியர், கதவோரம் நான். பாட்டிலைப் பார்த்த டிரைவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"இது நம்மாளு இல்லையே மேடம்."

"எல்லாம் ஒண்ணுதாண்ணே."

"அதெப்படி? அவனுக்கு ஒத்தை மீசை. இவன் யாருன்னே தெரியாதே."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பல கரப்பான்களை மாற்றி மாற்றிக் காட்டியிருக்க வேண்டும். அவருக்குப் போனது கரப்பான் பயம் இல்லை. அந்த ஒரு கரப்பான்மேல் இருந்த பயம். அவளுக்கும் அப்படியே. ஆனாலும் மூடியைத் திறந்தாள். அது விறுவிறுவென்று அவள் முழங்கை வரை ஏறியது.

"பயம் நூத்துக்கு எவ்வளவு மேடம்?" என்றார் டிரைவர்.

"தொண்ணூத்தஞ்சு."

"ஓடாதீங்க. தானா குறையும்னு நீங்கதானே சொன்னீங்க."

சொன்னவர் நாற்காலியை முன்னால் இழுத்து, தன் கையை அவள் கையோடு பாலம்போல ஒட்டி வைத்தார். கரப்பான் அந்தப் பக்கம் போனது. பிறகு இந்தப் பக்கம் வந்தது. எண்பது, எழுபத்தஞ்சு, அறுபது என்று இருவரும் தலைகீழாக ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

பேராசிரியர் கதவுக்கு வெளியே நின்று தலையை மட்டும் நீட்டினார். "முதல்ல பாட்டிலை மூடும்மா" என்றார். மூடிய பிறகும் உள்ளே வரவில்லை. "நீ பாஸ். யாரை யார் குணமாக்கினதா எழுதறதுன்னுதான் தெரியல."

கிளம்பும்போது டிரைவர் என்னிடம் வந்து, பழையவன் எப்படிப் போனான் என்று தணிந்த குரலில் கேட்டார்.

மாமியார் முகம் நினைவுக்கு வந்தது.

"வயசாயிடுச்சுண்ணே" என்றேன்.