நான் தட்டிய பெயர்

ஒஸ்லோவில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில் கணினிக்குச் சந்தேகப்படத் தெரியும். கையால் நிரப்பிய படிவங்களை ஸ்கேனர் விழுங்கும். எழுத்து விளங்காவிட்டால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி என் திரைக்கு அனுப்பும். எனக்கும் விளங்காவிட்டால் ஒரு விசையைத் தட்டுவேன். எழுதியவருக்கே கடிதம் போகும்: நீங்கள் சொல்ல வந்தது என்ன? படிவங்களை நிரப்பி நிரப்பியே நாடு கடந்து வந்தவர்கள் நாங்கள்; எங்களை யாரும் அப்படிக் கேட்டதில்லை. இப்படி ஒரு மரியாதை எனக்குக் கூச்சமாக இருந்தது.

சுனாமிக்குப் பிறகு, கிழக்குக் கரையில் எங்கள் ஊரான செட்டிபாளையத்தின் பள்ளிக்கூடம் ஒன்றில், ஜெனரேட்டர் இரைச்சலுக்குள், வீடிழந்தவர்களின் விபரங்களைக் கணினியில் பதிந்துகொண்டிருந்தேன். தவமணியக்கா வந்தார். கணவர் சிவலிங்கம், வீடு கட்டும் மேசன், பின்னால் நின்றார்.

"வீடு எண்ட பேர்ல, தம்பி. அம்மா தந்த சீதனம்."

"ஓம், நான் வந்து குந்தின ஆள்தான்," என்று சிவலிங்கண்ணன் சிரித்தார்.

எங்கள் பக்கம் அப்படித்தான்: வீடு பெண்ணுக்கு, மணமுடித்தவன் அங்கே போய் வாழ்வான். அந்த மென்பொருளை எழுதியவர்களுக்கு அது தெரியாது. குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில் கணவர் பெயரைத் தட்டியதும் உரிமையாளர் என்ற கட்டமும் தானாக நிரம்பியது. மாற்ற விடவில்லை. வரிசையோ வாசலைத் தாண்டி நின்றது. "பிறகு திருத்தலாம், அக்கா," என்றேன். முகத்துவாரத்தை வெட்டிவிட்டதும் கடலுக்கு ஓடும் வாவித் தண்ணீர்போல, என் மேசையிலிருந்து மாவட்ட அலுவலகமான கச்சேரிக்கும் அங்கிருந்து கொழும்புக்கும் அந்தப் பெயர் ஓடியது. புதிய வீட்டின் உறுதிப்பத்திரம் சிவலிங்கண்ணன் பெயரில் வந்தபோது நான் நோர்வேயில் இருந்தேன்.

வடக்கே வன்னிக்கு வேலைக்குப் போன சிவலிங்கண்ணன் போர் முடிந்த பிறகும் திரும்பவில்லை. மகளுக்குக் கல்யாணம் பொருந்தியது. வீட்டை அவளுக்கு எழுத வேண்டும். கணவரின் கையெழுத்து, இல்லையென்றால் மரணச் சான்றிதழ் வேண்டும் என்றார்களாம் கச்சேரியில்.

"நானே அந்த மனுசனை எழுதிச் சாகடிக்கிறதா?" தொலைபேசியில் அக்கா. "நீதானே தட்டினாய். பிழை எண்டு எழுதித் தா மனே."

எழுதினேன். சாட்சிக் கையெழுத்து வைக்க வந்த சக ஊழியர் இங்கிரிட் குழம்பினாள். "கணவன் மனைவிதானே, யார் பெயரில் இருந்தால் என்ன?" எங்கள் ஊரில் கல்யாணத்தோடு ஆண்தான் தன் வீட்டை விட்டுப் போகிறான் என்று விளக்கினேன்.

"அப்படியானால் வீட்டை விட்டுப் போவது உனக்குப் பழக்கம்தான்," என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரச் சற்று நேரம் எடுத்தது.

பழைய காணிப் பதிவேட்டில் தாய் அக்காவுக்கு வீட்டை எழுதிக்கொடுத்திருந்த பதிவோடு என் கடிதமும் சேர, திருத்தச் சம்மதித்தார்கள். இப்போது அக்காதான் ஒரு வாரமாகக் கையெழுத்துப் போடவில்லை.

"அவர்ர பேரை எடுத்தா, அவர் எங்கயும் இல்லாத ஆளாயிருவாரே, தம்பி?"

என் பிழையில்தான் அந்த மனிதர் இத்தனை காலமும் வீட்டில் இருந்திருக்கிறார்.

பிறகு அக்காவே போய்க் கையெழுத்திட்டார். "புள்ள வீடில்லாம நிக்கக் கூடாது," என்றார். ரத்தான பழைய பதிவுத்தாளைக் கேட்டு வாங்கிப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். உரிமையாளர்: சிவலிங்கம். அடியில், பதிந்தவர்: என் பெயர். குறுக்கே இழுத்த ஒரே சிவப்புக் கோடு எங்கள் இருவரையும் வெட்டிக்கொண்டு போகிறது. கோடு படாத மேல் மூலையில் செட்டிபாளையம் என்று இருக்கிறது.