மிரட்டப் போன தாம்பாளம்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அடுப்பில் பால் வைத்தால், அது பொங்கி வழிந்து, அடுப்பு அணைந்து, கேஸ் கசிவதுவரை மனசுக்குள் நினைத்து முடித்துவிடுவேன். அப்படிப்பட்ட எனக்கே, என் வீட்டுக்காரர் பார்க்கும் அந்த ரவுடிக் கும்பல் தொடரைக் கண்டு ஒருநாளும் பயம் வந்ததில்லை. எரிச்சல்தான் வரும்.

எங்கோ வெளிநாட்டில் எடுத்தது. தமிழில் பேசவைத்திருக்கிறார்கள். எந்தப் பகுதியைப் போட்டாலும் அதே கதைதான். தலைவன் "குடும்பம்தான் எல்லாம்" என்பான். சித்தப்பன் மகனைச் சுட்டுவிட்டு வந்து, அதே சித்தப்பன் வீட்டில் தட்டு வழியத் தின்பான். அம்மாவைப் பார்த்தால் மட்டும் கண் கலங்கும். பெண்டாட்டிக்கு நகை வரும். எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கமாட்டாள். மரியாதை, மரியாதை என்று ஆளாளுக்கு அடித்துக்கொள்வார்கள். ஒருத்தனாவது வாயைத் திறந்து நேராகப் பேசினால் பாதித் தொடர் அங்கேயே முடிந்துவிடும். பேசாமல் முறைப்பதுதான் அங்கே ஆம்பளைத்தனம்.

"பாருடி, அவன் ஒரு வார்த்த பேசல. ஊரே நடுங்குது" என்பார் வீட்டுக்காரர். கரப்பான்பூச்சிக்குக் கட்டில்மேல் ஏறுகிற மனிதர்.

மாரண்டஹள்ளிப் பக்கம் என் அப்பா எனக்குக் கொடுத்த தக்காளிக் காடும் என் அண்ணன் காடும் ஒட்டி இருக்கின்றன. போன வருஷம் அண்ணன் உழும்போது எங்கள் வண்டிப்பாதையில் பாதியைச் சேர்த்து உழுதுவிட்டான். தக்காளிப் பெட்டிகளைத் தலையில் சுமந்து ரோட்டுக்குக் கொண்டுவந்தோம். "போய்க் கேளுங்க" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். அவர் அசையவில்லை.

அண்ணனுக்கும் எங்களுக்கும் இன்னொரு பேச்சும் இருந்தது. தன் மகனுக்கு என் மகளைக் கேட்டுக்கொண்டிருந்தான். தர்மபுரியில் நர்சிங் படிக்கிற அவளுக்கு அதில் துளியும் விருப்பமில்லை. "பாக்கலாம்ணா" என்று நான் தள்ளிக்கொண்டே வந்தேன்.

தொடரில், ஒருவனைத் தீர்த்துக்கட்டுவதற்கு முன் தலைவன் அவன் வீட்டுக்கே போய், ஒரு தட்டு இனிப்பை வைத்து, முறைத்துவிட்டுத் திரும்புவான். அதைப் பார்த்து இவருக்கும் வீரம் வந்திருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, நான் காட்டில் இருந்தபோது, பூஜைத் தாம்பாளத்தில் பேக்கரி லட்டை அடுக்கியிருக்கிறார். மச்சான் வீட்டுக்கு வெறும் லட்டோடு போக மனசு வரவில்லையாம். வெற்றிலை, பாக்கு, தேங்காய், வாழைப்பழம், ஒரு முழம் பூ எல்லாம் வைத்தாராம். மிரட்டப் போகிறவருக்கு முறை தவறக்கூடாது என்று கவலை! போனார், வைத்தார், முறைத்தார், வந்துவிட்டார்.

மத்தியானம் அண்ணி போன் செய்தாள். "உங்க வூட்டுக்காரரு வெத்தல பாக்கு வெச்சிட்டுப் போனாரு. சந்தோசத்துல பேச்சே வரல அவருக்கு! பொண்ணு படிச்சது போதும், தையிலயே கல்யாணத்த வெச்சுக்கலாம்."

வீட்டுக்காரரைப் பிடித்துக் கேட்டபோதுதான் மிரட்டப் போன கதை முழுசும் வெளியே வந்தது. சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டால் அப்புறம் தட்டைத் திருப்ப முடியுமா?

"வாங்க, நீங்களே வாயத் தொறந்து சொல்லுங்க" என்றேன்.

"மானம் போயிரும்டி."

"போனா போவுது. புள்ள படிப்பு போவுதே!"

அண்ணன் வீட்டில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "மச்சான், அது பரிசத் தட்டு இல்லீங்க. மெரட்டத்தான் வந்தேன்."

"யார?"

"உங்களத்தாங்க. மொறச்சேனில்ல?"

"அது மொறப்பா?" என்றாள் அண்ணி, வாயில் பாதி லட்டோடு. "அழுவறீங்கன்னுல்ல நெனச்சேன்!"

வண்டிப்பாதை விஷயம் வெளியே வந்தது. "இத ஒரு வார்த்த கேட்டா ஆவாதா மாப்ள?" என்றான் அண்ணன்.

சுருக்கென்றது எனக்கு. நான் மட்டும் என்ன கிழித்தேன்? "நானும் ஒரு வார்த்தயில சொல்லிருக்கணும்ணா. புள்ளைக்கு இஷ்டமில்ல. அவ படிக்கட்டும்."

 அண்ணன் வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், பூ எல்லாவற்றையும் தானே எடுத்துத் தாம்பாளத்தில் வைத்துத் தந்தான். லட்டு மட்டும் அவர்களிடம் நின்றது.

மறு வாரம் பாதையை விட்டுக்கொடுத்தான். என்னோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை.

"பாத்தியா? ஒரு மொறப்புதான், பாத வந்துருச்சு" என்றார் வீட்டுக்காரர்.

மகள் ஏறிய பஸ் தர்மபுரி போய்ச் சேர்ந்ததா என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதருக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.