மர்பி அம்பலத்தின் கடுக்கன்

எழுமலைக்கு மேற்கே எங்கள் ஊரில் பிறந்து, அயர்லாந்தின் சரித்திரத்துக்கு அரும்பணி ஆற்றியவர் பேயாண்டி. மதுரையில் ரோடு போட வந்த அயர்லாந்து துரை ஒருவருக்குச் சமையல்காரர். 1934-இல் துரை தாய்நாடு திரும்ப, அவர் சொல்லக் கேட்ட அவருடைய சொந்தக் கிராமத்தை மூளையில் சுமந்துகொண்டு பேயாண்டி ஊர் வந்து சேர்ந்தார். அந்தக் கிராமத்தின் பெயர் நாக்கில் நிற்க மறுத்ததால், பாலிக்குறிச்சி என்று திருத்தியருளினார்.

"அங்கிட்டு மண்ணை வெட்டிக் காயவச்சுத்தான் அடுப்பு எரிக்கிறாக" என்றார் முதல் நாள். அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான். "மண்ணு எரியுமாம்ல!" என்று ஊர் கூடும் மந்தைத் திடலில் ஒரு வாரம் சிரித்தார்கள். பேயாண்டி அன்றோடு உண்மையைக் கைவிட்டார்.

அந்த வருஷம் ஊர்த் தலைவரான அம்பலம் நல்லகாமன், கண்மாய்த் தண்ணீர் முழுவதையும் தம் வயலுக்கே திருப்பிக்கொண்டு கடைமடையை அடைத்துவிட்டார். அங்கே பேயாண்டியின் நெல் கருகியது. வாய் திறந்தால் ஊர்விலக்கு. ஆகவே பேயாண்டி மந்தையில் சொல்லும் பாலிக்குறிச்சியில் மர்பி அம்பலம் என்றொருவர் தோன்றி, அவ்வூர்க் கண்மாய்த் தண்ணீரைத் திருடலானார். நல்லகாமனைப் போலவே மர்பிக்கும் காதில் கடுக்கன். பேசுமுன் தொண்டையை இருமுறை செருமுவார்.

"எந்நேரமும் மழை பேயுற ஊருன்னீக. பெறகு கண்மாத் தண்ணிக்கு எதுக்குண்ணே சண்டை?" என்று கேட்டாள் பக்கத்து வயல்காரி ஒச்சாயி.

"சண்டைக்குத் தண்ணி எதுக்குத்தா? அம்பலம் ஒருத்தரு இருந்தாப் பத்தாதா?"

மந்தை குலுங்கியது. சேதி போய்ச் சேர்ந்ததும் நல்லகாமன் ஊரைக் கூட்டினார். தொண்டையை இருமுறை செருமினார். ஒச்சாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏண்டா பேயாண்டி, யாருடா அந்த மர்பி?"

பேயாண்டி துண்டை இடுப்பில் கட்டினார். "வெள்ளக்காரருங்கய்யா. ஊர்த் தண்ணியத் திருடுறவரு. ஏங்கய்யா, ஒங்களுக்குத் தெரிஞ்சவரா?"

நல்லகாமன் ஆழ்ந்து யோசித்தார். தெரியும் என்றால் திருடன். தெரியாது என்றால் வழக்கே இல்லை.

"எனக்கு எப்படிடா தெரியும்?" என்றார். பிறகு குரல் தணிந்தது. "அந்தாளு கடைசியில என்ன ஆனாரு?"

"இன்னும் மடையத் தெறக்கலைங்கய்யா. தெறக்குற வரைக்கும் அவரு கதையத்தான் சொல்லணும்."

மறுநாள் விடிந்தபோது கடைமடையில் தண்ணீர் சலசலத்தது. மாலைக்குள் மர்பியும் மனம் திருந்தி, "அம்புட்டுத் தங்கமான மனுசன்" ஆகிவிட்டார். அவர் காதிலிருந்த கடுக்கனும் கதையிலிருந்து காணாமல் போனது.

அதன்பின் மந்தைப் பக்கம் வரும்போதெல்லாம் நல்லகாமன் தயங்கி நிற்பார்.

"மர்பி சௌக்கியமாடா?"

"சௌக்கியந்தாங்கய்யா. மடையத் தெறந்தே வச்சிருக்காரு. மூடுனா ஒங்களுக்குத்தான் மொதல்ல சொல்லுவேன்."