தட்டோரத்து வேலி

“…முழிச்சுக்கிட்டு இருக்குற நெத்திலியத் தொடவே மாட்டியே, இன்னைக்கு அதையுமா தின்னுட்ட?” என்று கேட்டார் இமோ. கேட்டது கொரிய மொழியில்தான். இந்த இரண்டு வருடத்தில் என் காது அவர் பேச்சைத் திண்டுக்கல் பேச்சாக மாற்றிக்கொள்ளப் பழகிவிட்டது. இமோ என்றால் சின்னம்மா. கப்பல் கட்டும் தளத்துக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவரை வெல்டர்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம்.

இங்கே சோற்றுக்கு முன்னால் ஐந்தாறு கிண்ணங்கள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பன்சான் என்கிறார்கள். நம் ஊர் வெஞ்சனமேதான், பெயர்கூடக் கொஞ்சம் ஒட்டி வருகிறது. கிண்ணம் காலியானால் கேட்காமலே நிரப்பிவிடுவார்கள் என்பது வந்த புதிதில் எனக்குத் தெரியாது. பிடிக்காததை முதலில் விழுங்கித் தொலைத்துவிட்டு, பிடித்ததைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது என் சின்ன வயதுப் பழக்கம். முதல் நாள் கடல்பாசி வந்தது. நோன்பில் நம் வீடுகளில் பால் ஊற்றிச் செய்வோமே, அந்த இனிப்பு இல்லை. உப்பு வாடையோடு வழுக்குவது. மூச்சைப் பிடித்து முழுங்கினேன். இமோ முகமெல்லாம் சிரிப்பாக இன்னொரு கிண்ணம் கொண்டுவந்தார். அதையும் முழுங்கினேன். மூன்றாவது வந்தது.

பிறகுதான் ஒதுக்க ஆரம்பித்தேன். ஹலால் இல்லாத கறியைத் தொடாதது மார்க்கத்துக்காக. மற்றதை ஒதுக்குவது இந்த நாக்குக்காக. கிண்ணச் சோறு எனக்குச் சரிப்படவில்லை என்று இமோ தனியாக ஒரு தட்டு தந்திருந்தார். இலை, தண்டு எல்லாவற்றையும் அதன் விளிம்பில் வரிசையாக வைப்பேன். நெத்திலிக் கிண்ணத்தை மேசையின் அந்த ஓரத்துக்கே தள்ளிவிடுவேன்.

அந்த வரிசைக்குப் பெயர் வைத்தவர் அத்தா. திண்டுக்கல் பேகம்பூரில் பிரியாணிக் கடை வைத்திருந்தார். நானோ பட்டை, கிராம்பு, புதினா, கொழுப்பு என்று பொறுக்கிப் பொறுக்கித் தட்டைச் சுற்றி அடுக்குவேன். “நத்தத்துலருந்து பஸ் ஏறி வந்து தட்ட வழிச்சுத் திங்கிறாங்க, எம் மவன் வேலி போடுறான் பாரு! ஏலே அப்பு, ஆட்டத்தான் அறுத்தாச்சே, இனி எதுக்குடா வேலி?” என்பார். கடையே சிரிக்கும். நான் விமானம் ஏறிய அன்றும் அதையேதான் சொன்னார். “போற எடத்துல வேலி போடாத. வச்சதத் தின்னு.”

இமோ நெத்திலியைப் பற்றிக் கேட்டதற்கு முந்தின நாள் அத்தா மௌத்தாகிவிட்டார். அசர் தொழுகைக்குள் அடக்கம். எந்த விமானத்தைப் பிடித்தாலும் முகம் பார்க்க முடியாது என்றான் தம்பி. அவன் பிடித்த போனில் கபர்ஸ்தானைப் பார்த்தேன். மண் தள்ளும்போது படம் நின்று நின்று வந்தது. அழுகை வரவில்லை. காலையில் வேலைக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்குக் கொரிய மொழி தெரியும். சொல்ல ஒன்றும் இல்லாததுபோல் இருந்தது.

இமோ கேட்ட பிறகுதான் தட்டைப் பார்த்தேன். விளிம்பில் ஒன்றுமே இல்லை. நெத்திலி, பாசி, தண்டு எல்லாம் எப்போது உள்ளே போயின? உப்பா உறைப்பா என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

அவர் குனிந்து என் முகத்தைப் பார்த்து, “அப்பா?” என்றார்.

வலிக்கிறதா என்று கேட்கும் கொரியச் சொல் அது. தளத்தில் கையைச் சுட்டுக்கொண்டவனை எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள். எனக்கு நன்றாகவே தெரியும். அத்தாவை ஒருநாளும் அப்பா என்று கூப்பிட்டதும் இல்லை. ஆனாலும் அன்று அது தமிழாகத்தான் வந்து விழுந்தது.

“மௌத்தாயிட்டாங்க இமோ. நேத்து அடக்கம்” என்றேன், தமிழில்.

அவருக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. காலிக் கிண்ணங்களை எடுத்துப்போய், நிரப்பிக்கொண்டு வந்தார். சுருட்டிய ஆம்லெட் துண்டுகளை என் கைக்கு எட்ட வைத்தார். நெத்திலிக் கிண்ணத்தை மட்டும், நான் எப்போதும் தள்ளி வைக்கும் அந்த ஓரத்துக்கு, அவரே தள்ளி வைத்தார்.