விழுது உள்ள பால்மரம்

1. கண்ணாடி

ரப்பர் ஷீட் பொறுக்கும் கொட்டகைக்குப் போன முதல் நாளே எனக்கு ஏச்சு விழுந்தது. முப்பதுகளின் பின்பாதி அது. ஜொகூர் பாரு பக்கம், ஸ்கூடாயிலிருந்து செம்மண் பாதையில் உள்ளே போனால் வரும் ஒரு ரப்பர் தோட்டம். எனக்குப் பதினெட்டு வயது இருக்கும். அதுவரை வெளிக்காட்டில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். ரப்பர் மரத்தை எங்கள் ஆட்கள் பால்மரம் என்றுதான் சொல்வார்கள். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என்னைப் படுத்தி எடுத்தது இதுதான்.

கொட்டகை வேலை சுலபம் என்று வெளியே பேச்சு. புகை போட்டுக் காய்ந்து தேன் நிறத்தில் வரும் ஷீட்டை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே பட்டைத் துண்டு, தூசி, காற்றுக் குமிழி தெரிந்தால் அந்த இடத்தைக் கத்தரியால் வெட்டி எறிய வேண்டும். அவ்வளவுதான். நான் பத்து ஷீட் வெட்டி முடித்ததும் மூத்தவளான முத்தம்மாக்கா வந்து பார்த்தாள்.

“ஏண்டி பாக்கியம், பத்து ஷீட்டுலயும் ஒரே எடத்துல ஓட்ட போட்டு வச்சிருக்க. அழுக்கு என்னா வரிசை கட்டியா நிக்கிது?”

அவள் என் தலையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். கண்ணாடியில் ஈ உட்கார்ந்த கறுப்புப் புள்ளி.

“மொதல்ல கண்ணாடியத் தொடச்சிடு. அப்பறமா ஷீட்ட சந்தேகப்படு.”

கொட்டகையில் இருந்த எட்டுப் பெண்களும் சிரித்தார்கள். அன்று மாலை வரை நான் தலை நிமிரவில்லை. ஆனால் தொழிலைப் பிடித்துக்கொண்டேன். சந்தேகப்படுவதற்குத்தான் அங்கே எங்களுக்குச் சம்பளம். ஆறு மாதத்தில் என் கண்ணே மாறிவிட்டது. யார் சிரித்துப் பேசினாலும் உள்ளே என்ன ஒட்டியிருக்கிறது என்று மனசு தூக்கிப் பிடித்துப் பார்க்கும்.

2. குண்டுப் புத்தகம்

ஜொகூர் பாருவிலிருந்து மாதம் ஒருமுறை துணிக்கார பாய் சைக்கிளில் வருவார். ஒருநாள் முத்தம்மாக்கா இரண்டு சேலை எடுத்ததற்கு, பாய் கூடவே ஒரு குண்டுப் புத்தகத்தையும் தூக்கிக் கொடுத்துவிட்டார். முன் அட்டை இல்லை. முதல் நான்கு பக்கமும் இல்லை.

“பேர்போன மாயக்கதம்மா இது. கடலுக்கு அந்தப் பக்கம் எங்க ஊர்ல இதக் கேக்காத வூடு கெடையாது” என்றார்.

“அவ்வளவு நல்ல சரக்கா இருந்தா சும்மா ஏன் குடுக்கறீங்க பாய்?” இதை நான் மனசுக்குள் கேட்டேன்.

கொட்டகையில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. நான் மாட்டேன் என்றேன். எட்டுப் பேர் முன்னால் வாசிப்பதை நினைத்தாலே வியர்த்தது. முத்தம்மாக்கா விடவில்லை. “நீ வாசி. ஒன் பங்கு ஷீட்ட நாங்க ஆளுக்குக் கொஞ்சமாப் பாத்துடறோம்.” வேலை நின்றுபோகாமல் நடந்தால் சரி என்று வேலையை மேற்பார்க்கும் கங்காணியும் கண்டுகொள்ளவில்லை.

கதை இதுதான். ஒரு நாட்டில் எல்லாருடைய நிழலையும் ஒரு மந்திரவாதி பிடுங்கிக்கொள்கிறான். நிழல் இல்லாத சனங்கள் அவன் சொன்னதையெல்லாம் செய்கிறார்கள். ஒரு குயவன் மகள் மட்டும் தப்பித்து, நிழல்களை மீட்கக் கிளம்புகிறாள். வழியில் ஒரு கிழ ஓடக்காரி அவளை ஆற்றைக் கடத்திவிடுகிறாள்.

நான் ஷீட் பார்ப்பது போலவே அதையும் வாசித்தேன். பித்தளைக் குதிரை பறந்தது என்று வந்தால் நிறுத்துவேன். “தீனி என்னான்னு போடல.” நிழலைச் சுருட்டி மூட்டை கட்டினான் என்று வந்தால், “மத்தியானத்துல நெழல் கட்டையால்ல இருக்கும்? எத வச்சிச் சுருட்டுனான்?”

“அடி, நீ கத சொல்றியா, விசாரண நடத்துறியா?” என்று முத்தம்மாக்கா திட்டுவாள்.

எனக்கு மிகவும் உறுத்தியது ஓடக்காரிதான். கூலி வாங்காமல் ஆற்றைக் கடத்திவிடுகிறாள், சோறு போடுகிறாள், எங்கே போகிறாய் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறாள். “இவ மந்திரவாதியோட ஆளு. எழுதி வச்சுக்குங்க” என்றேன்.

வரிசையின் கடைசியில் கதவோரம் இருந்த அஞ்சலை ஒத்துக்கொள்ளவில்லை. “நல்லது செய்யறவங்கல்லாம் களவாணியாடி? நீ ஒரு ஆளு!” என்று கத்துவாள். அவள் பத்து வருஷம் இரைச்சல் போடும் ரோலர் மிஷினில் நின்றவள், காது மந்தம். நானோ மெதுவாகத்தான் வாசிப்பேன். பாதிக்கு மேல் அவளுக்கு எட்டாது. “என்னா? என்னா சொன்னா?” என்பாள். பக்கத்தில் இருப்பவள் காதோடு சொல்லுவாள். அதை அஞ்சலை திரும்பத் தன் பெரிய தொண்டையில் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். எங்களுக்கு அது பழகிப்போன சத்தம்.

3. கத்தி வைக்காதே

பாதிப் புத்தகம் தாண்டியபோது குயவன் மகள் மந்திரவாதியின் காட்டுக்குள் நுழைகிறாள். நடுவில் ஒரு பால்மரம். நிழல் இழந்தவர்கள் பொழுது விடியுமுன் வரிசையாக வந்து அதைக் கத்தியால் கீறிப் பால் எடுக்கிறார்கள். அந்தப் பாலைக் குடித்துத்தான் அவன் உயிரோடு இருக்கிறான்.

வாசித்துக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டேன். கொட்டகையில் கத்தரிச் சத்தமும் நின்றுவிட்டது.

“அலமாக்!” என்றாள் முத்தம்மாக்கா. “எழுதுனவன் நம்ம தோட்டத்துக்கு வந்துட்டுப் போயிருக்கான்டி.”

எனக்கும் அதே சந்தேகம். ஆனால் ஒன்று இடித்தது. அடுத்த வரியில் குயவன் மகள் விழுதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுகிறாள். “பால்மரத்துல ஏதுக்கா விழுது?” என்றேன்.

“மாய மரம்லா! இருந்துட்டுப் போவுது. நீ வாசி.”

வாசித்தேன். மேலே ஏறியவள் சனங்களைப் பார்த்துச் சொல்கிறாள்: ‘இன்று முதல் இந்தப் பால்மரத்தில் எவரும் கத்தி வைக்காதீர்கள்.’

கதவோரத்திலிருந்து அஞ்சலை, “என்னா? என்னா சொன்னா?” என்றாள்.

4. விசாரணை

மறுநாள் காலைப் பெரட்டில், ஆள் கணக்கு எடுத்து முடிந்ததும் ஆபீஸ் கணக்குப்பிள்ளையான பெரிய கிராணி என் பெயரைக் கூப்பிட்டார். புத்தகத்தோடு ஆபீசுக்கு வரச் சொன்னார். பக்கத்துத் தோட்டங்களில் ஆட்கள் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்துகொண்ட சேதி வந்துகொண்டிருந்த சமயம். எங்கள் ஆபீசில் இலை அசைந்தாலும் சந்தேகம்தான். பெயரை அடித்துவிட்டால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் அன்றே காலி பண்ண வேண்டும். எனக்கு இருந்தது அம்மா மட்டும். மலேரியாவில் படுத்துக் கிடந்தாள். அவளை எங்கே தூக்கிக்கொண்டு போவேன்?

கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார்.

“பால்மரத்திலை கத்தி வைக்காதே எண்டு கொட்டகையிலை ஆர் சொன்னது?”

நான் புத்தகத்தை நீட்டினேன்.

“அட்டை எங்கை?”

“இல்லைங்க ஐயா.”

“எழுதினவன்ரை பேர் தெரியக்கூடாதெண்டு கிழிச்சிருக்கிறியள்.”

“பாய் குடுக்கறப்பவே இல்லைங்க.”

“வாசி, பார்ப்பம்.”

அந்த இடத்தை வாசித்தேன். நிழல் இல்லாத சனம், விடியுமுன் வேலை, கத்தி, பால். ஒவ்வொரு சொல்லும் எனக்கு எதிராகவே சாட்சி சொன்னது.

“பால்மரம் எண்டால் றப்பர் மரந்தானே பிள்ளை? இது கதையோ, ஆக்களைக் கிளப்பிற வேலையோ?”

கிராணி பேனாவை எடுத்துப் பேரேட்டைத் திறந்தார். என் பெயர் இருக்கும் பக்கத்தைத் தேடுகிறார் என்று தெரிந்தது. அப்போதுதான் எனக்கு முந்தின நாள் இடித்த விஷயம் ஞாபகம் வந்தது. வாழ்நாளில் முதல் முறையாக ஆபீசில் நானாக வாய் திறந்தேன்.

“ஐயா, ரப்பர் மரத்துக்கு விழுது உண்டுங்களா?”

“என்ன?”

அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினேன். “விழுதப் புடிச்சி ஏறுனாள்னு போட்டிருக்குங்க. இது ஆலமரம், அத்திமரம் மாதிரி ஏதோ மரம். பாய் ஊருப் பக்கமெல்லாம் பால் வடியிற மரத்தப் பால்மரம்னு சொல்லுவாங்க போலருக்கு. நாங்கதான் நம்ம மரம்னு நெனச்சிட்டோம். எழுதுனவரு ரப்பர் மரத்தப் பாத்தே இருக்க மாட்டாருங்க.”

கிராணி அந்த வரியை வாசித்தார். முந்தின பக்கத்தையும் வாசித்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார்.

“நீ போ. புத்தகம் இஞ்சை இருக்கட்டும். முழுக்கச் சோதிக்க வேணும்.”

5. மூன்று வாரம்

வேலை தப்பியது. ஆனால் கொட்டகையில் எனக்கு நிம்மதி இல்லை. ஆபீசில் போய்ச் சொன்னது யார்? எட்டுப் பேரையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நான் அந்த இடத்தை வாசித்த அன்று சாயங்காலம் அஞ்சலை ஆபீஸ் படியில் கிராணியோடு பேசிக்கொண்டு நின்றதை நான் கண்ணால் பார்த்திருந்தேன். வேறு என்ன சாட்சி வேண்டும்?

நான் சண்டை போடுகிற ஆள் இல்லை. பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டேன். அவள் கொடுத்த கோப்பித் தண்ணீரைத் தொடவில்லை. “என்னாடி கோவம்?” என்று இரண்டு தரம் கேட்டாள். நான் ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றப் பெண்களும் என் முகத்தைப் பார்த்து அவளிடமிருந்து கொஞ்சம் தள்ளி உட்கார ஆரம்பித்தார்கள். யாரும் அவளுக்குக் காதில் எதையும் சொல்லவில்லை. கதவோரம் அவள் தனியாக வெட்டிக்கொண்டிருப்பாள்.

மூன்றாம் வாரம் கிராணியே கொட்டகைக்கு வந்தார். கையில் புத்தகம். பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டிருந்தது.

“சோதிச்சாச்சு. வாசிக்கலாம்.” போகத் திரும்பியவர் நின்று சிரித்தார். “அந்த ஓடக்காரி இருக்கிறாளே, அவளிலை எனக்கும் சந்தேகமாத்தான் இருந்தது பிள்ளை. முடிவைச் சொல்ல மாட்டன்.”

முத்தம்மாக்கா அந்தச் சிரிப்பில் துணிந்துவிட்டாள். “ஐயா, கோவிச்சுக்காதீங்க. அன்னைக்கு ஒங்ககிட்ட வந்து சொன்னது யாருங்க?”

“ஆர் வந்து சொல்ல வேணும்? இந்தக் கடைசியிலை இருக்கிறவள் ‘கத்தி வைக்காதே’ எண்டு போட்ட கூச்சல் ஆபீஸ் வரைக்கும் கேட்டது. அவளுக்கே அது தெரியாது. சாயங்காலம் காதுக்கு மருந்துச் சீட்டுக் கேட்டு என்னட்டை வந்து நிண்டவள்.”

அவர் போய்விட்டார். நான் மெதுவாக வாசித்தேன். அதனால் அவளுக்குக் கேட்கவில்லை. கேட்காததால் அவள் கத்தினாள். சங்கிலியைப் பிடித்துக்கொண்டே போனால் அதன் முதல் வளையம் என் கையில் இருந்தது.

அன்று என் பலகையைக் கதவோரம் தூக்கிப்போய் அஞ்சலையின் பக்கத்தில் போட்டேன். அவளுக்குக் கொஞ்சம் நன்றாகக் கேட்கும் காதுக்கு நேராக வாசித்தேன். நான்கு நாளில் கதை முடிந்தது. ஓடக்காரி யாருடைய ஆளும் இல்லை. நிழல்களையெல்லாம் ஏற்றிவந்த ஓடம் பாரம் தாங்காமல் போனதும், தன் நிழலை ஆற்றில் இறக்கிவிட்டு மற்றவர்களுடையதைக் கரை சேர்க்கிறாள். அவ்வளவு நேரம் ஏதாவது அழுக்கு வெளிப்படும் என்று பார்த்துக்கொண்டே வாசித்தேன். கடைசிப் பக்கம் வரைக்கும் ஒன்றுமில்லை.

அஞ்சலை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, அவள் வழக்கத்துக்கு மாறாக மெதுவாகச் சொன்னாள்.

“மூணு வாரமா என்னயும் ஜன்னல்லதான புடிச்சிப் பாத்துக்கிட்டிருந்த? அழுக்கு இருந்திச்சாடி?”

இன்றைக்கு பெர்மாஸ் ஜெயாவில் என் வீட்டைச் சுற்றி இருக்கும் பெண்கள் ஆபீஸ், பெக்டரி என்று வேலைக்குப் போகிறார்கள். யார் யாரைப் போட்டுக்கொடுத்தார்கள் என்று சாயங்காலம் வந்து சொல்கிறார்கள். நான் அதிகம் பேசுவதில்லை. சந்தேகப்படாதீர்கள் என்றும் சொல்ல மாட்டேன். என் வேலையைக் காப்பாற்றியது ஒரு சந்தேகம்தான். அஞ்சலையைத் தனியாக உட்கார வைத்ததும் இன்னொரு சந்தேகம்தான். முதல் சந்தேகத்தில் நான் எழுத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தேன். இரண்டாவதில் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று அவள் அப்படிக் கேட்டதும், பழந்துணியை எடுத்துக்கொண்டு எழுந்துபோய் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தேன். அதில் புள்ளி ஒன்றும் இல்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அஞ்சலை பின்னாலிருந்து, “இன்னும் நல்லாத் தொடச்சிடுடி!” என்று கத்தினாள். அது ஆபீஸ் வரைக்கும் கேட்டிருக்கும்.